சுவரில் செருகிய தம்பி

பெட்டி கத்தினால் பயம். கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

தம்பியின் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை. அக்காவின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. தம்பிக்கு வலிப்பு வந்து கை வெட்டி இழுக்க ஆரம்பித்தால் பட்டை அதைத் தெரிந்துகொண்டு, கம்பி எதுவும் இல்லாமல் காற்றிலேயே பெட்டிக்குத் தகவல் அனுப்பும். பெட்டி தெருவையே எழுப்புகிற மாதிரி கத்தும். அக்கா பாய்ந்தோடி அவனை ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. ஆகவே பத்து வயதுப் பையன் ஒருவனுடைய மூச்சு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தியையும் நாணயம் அளவு பேட்டரி ஒன்றையும் நம்பி இருந்தது.

பெண் முப்பது நாளும் உழைத்தாள். பேட்டரி ஒன்பது நாள் உழைத்தது.

பட்டையைக் கொடுத்தது துணைக்கருவி ஆணையம். மாதத்தின் முதல் தேதி ஆணையத்தின் வாசலுக்குப் போக வேண்டும். அங்கே சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சீல்காரர், பட்டையின் முதுகில் இருக்கும் சிவப்புப் பொட்டைக் கத்தி முனையால் பெயர்ப்பார். மூடியைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்துப் புதிதைப் போடுவார். மூடிவிட்டு, சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு அரக்குச் சாயம் தொட்டு வைப்பார். அந்தப் பொட்டில் வேறு யார் கைவைத்தாலும் கருவி பறிமுதல் என்று கையேட்டின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் நடுவில் நான்கு இடங்களிலும் போட்டிருந்தது. பட்டையை எப்படிக் கையில் கட்டுவது என்று ஓரிடத்திலும் போடவில்லை.

ஒன்பதாம் தேதி ராத்திரி பட்டை செத்துப்போகும். செத்துப்போனதைப் பெட்டி சொல்லாது. தம்பி நிம்மதியாகத் தூங்கினாலும் பெட்டி பேசாது, பட்டை செத்துக் கிடந்தாலும் பெட்டி பேசாது. இருட்டில் படுத்துக்கொண்டு அந்த மௌனத்தைக் கேட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. அதனால் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு அவள் ஒரு தையல் நூலை எடுத்து, ஒரு முனையைத் தம்பியின் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டு படுப்பாள். அவன் புரண்டால் அவள் விழிப்பாள். அவன் நிறையப் புரளுகிற பையன்.

"அக்கா, நீ என்னைப் பட்டம் விடறியா?" என்று அவன் ஒரு நாள் கேட்டான்.

"ஆமா. அறுந்து போயிடாதே."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தொழிற்பள்ளியில் மின்னணுப் பிரிவில் இரண்டாம் வருடம். கையேட்டில் உள்ளே இருக்கும் பாகங்களின் எண்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. தூக்கம் கெட்ட ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில் திருடன் அகப்பட்டான். கன்வர்ட்டர்.

பேட்டரி தீரத் தீர அதன் வோல்ட் இறங்கும். பட்டைக்குள் இருந்து தகவல் அனுப்பும் ரேடியோவுக்கு அது ஆகாது, கடைசிவரை ஒரே அளவு வேண்டும். இறங்குவதை ஏற்றிக் கொடுக்க நடுவில் உட்கார்ந்திருக்கும் அரிசியில் பாதி அளவு சில்லுதான் கன்வர்ட்டர். பட்டை நாள் முழுக்கத் தூங்கும் ஜாதி. அவ்வப்போது கண்ணைத் திறந்து பார்க்கும், ரேடியோவில் பேசுவதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். ஆணையம் தேர்ந்தெடுத்திருந்த கன்வர்ட்டர் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்குகிற கெட்டிக்காரன். ஆனால் பட்டை தூங்கும்போது அது தூங்கவில்லை. வேலையே இல்லாமல் விழித்து உட்கார்ந்து, ராப்பகலாகப் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு கன்வர்ட்டர் இருந்தது. அதே அளவு, அதே கால்கள். பேசும்போது எண்பத்தைந்துதான். ஆனால் சும்மா இருக்கும்போது முதலாவது தின்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தின்னும். விலை ஒரு டீக்குக் கொஞ்சம் மேலே.

இதை ஒரே பக்கத்தில் எழுதி ஆணையத்துக்கு அனுப்பினாள். அதிகாரிகள் படித்தவுடனே நெற்றியில் அடித்துக்கொண்டு, "அடடா, இதைக் கவனிக்கலையே" என்று சொல்வார்கள் என்று நினைத்தாள். பதினேழு வயதில் அப்படியெல்லாம் தோன்றும்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவள் எழுப்பிய பொருள் மின்னழுத்த மாற்றித் தேர்வுக் குழுவின் ஆளுகைக்கு உட்பட்டது என்றும், குழு ஆண்டுக்கு இரண்டு முறை கூடும் என்றும், அடுத்த அமர்வுக்குக் கருவியுடன் நேரில் வரவேண்டும் என்றும், வரும்போது தூய்மையான உடையில் இருப்பது விரும்பத்தக்கது என்றும் அதில் இருந்தது.

போனாள். வாசலிலேயே சீல்காரர் கையை நீட்டினார்.

"பட்டையைக் குடு தங்கச்சி. பேட்டரியை எடுக்கணும்."

"பேட்டரியைப் பத்திதான் அண்ணே பேசவே வந்திருக்கேன்."

"அது சரி. ஆனா உள்ள பேட்டரி போகக் கூடாது. தீப்பிடிக்கும்னு சுற்றறிக்கை." கத்தியால் பொட்டைப் பெயர்த்து, பேட்டரியை எடுத்து இழுப்பறையில் போட்டார். இழுப்பறை பாதி நிரம்பியிருந்தது. அவர் மேசைக்கு அடியிலேயே இருந்தது. அவருக்குத் தீப்பிடிப்பது பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப உள்ள எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க?"

"சுவத்துல செருகி."

"பேட்டரியில ஓடுற கருவியையா?"

சீல்காரர் புட்டியைத் திறந்து பொட்டு வைத்தார். பதில் சொல்வது அவருடைய சம்பளத்தில் சேர்த்தி இல்லை போல.

குழுவின் கூடம் மூன்றாம் மாடியில். உள்ளே கால் வைத்ததும் அவளுக்குப் பல் கிட்டித்தது. நான்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் பளீரென்று அடிக்க, உள்ளே திரை எல்லாவற்றையும் இழுத்துவிட்டுப் பதினாலு குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்னணுப் பலகை ஒன்று 'நல்வரவு' என்ற சொல்லை இடமிருந்து வலமாக ஓட்டியது. நாற்காலிகள் காலி. அரை மணி நேரம் கழித்துத்தான் குழு வந்தது.

குழுவில் ஆறு பேர். நடுவில் தலைவர், பக்கத்தில் திறன் உறுப்பினர் என்ற அம்மையார், மற்ற நாலு பேருக்கும் ஏதோ பதவி. ஓரத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் கோப்பாளர். முதலில் மாற்றி தரிசனம் நடந்தது; கன்வர்ட்டருக்கு அங்கே மாற்றி என்றுதான் பெயர். ஊழியர் ஒருவர் நீல வெல்வெட் மெத்தை ஒன்றில் கன்வர்ட்டரை வைத்து, பூதக்கண்ணாடியோடு ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனார். ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். கோப்பாளர் எழுதிக்கொள்வார். இரண்டாவது உறுப்பினர் பார்க்கும்போது தும்மினார். அரிசியில் பாதி அளவு சில்லு எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது, கம்பளத்துக்கு. ஊழியருக்கும் தெரிந்தது. அவர் ஒரு நொடி நின்று, வெறும் மெத்தையை மூன்றாமவரிடம் நீட்டினார்.

"பார்த்தேன்" என்றார் மூன்றாமவர்.

"பார்த்தேன்" என்றார் நாலாமவர்.

"நல்லா பார்த்தேன்" என்றார் அம்மையார்.

தலைவர் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தார். "என்ன ஒரு நுட்பம்" என்றார். கோப்பாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லு பாப்பா. நம்ம மாற்றி மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபம் இல்ல சார். இந்த கன்வர்ட்டர் போட்டா பேட்டரி ஒன்பது நாள்தான் வருது. இன்னொண்ணு போட்டா வருஷம் தாண்டும்."

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உன் மாற்றி எவ்வளவு திறன்?"

"பேசும்போது எண்பத்தஞ்சு மேடம். ஆனா—"

"எங்க மாற்றி?"

"தொண்ணூத்தஞ்சு. ஆனா மேடம், அது பேசும்போது மட்டும்தான். பட்டை பேசுறதே இல்ல, தூங்கிட்டுதான் இருக்கு. தூங்கும்போது எவ்வளவு தின்னுதுன்னு பாக்கணும்."

"தொண்ணூத்தஞ்சு பெரிசா, எண்பத்தஞ்சு பெரிசா?"

"தொண்ணூத்தஞ்சுதான், ஆனா—"

"எழுதிக்கோங்க" என்றார் அம்மையார் கோப்பாளரிடம். "மனுதாரர் ஒத்துக்கிட்டாங்க."

அவளுக்கு நாக்கு நுனிவரை அழுகை வந்தது. அழுதால் அதையும் எழுதிக்கொள்வார்கள் என்று விழுங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நல்வரவு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இப்படி யோசிச்சுப் பாருங்க. இந்தக் குழு வருஷத்துக்கு எத்தனை நாள் கூடுது?"

"ரெண்டு" என்றார் தலைவர் பெருமையாக.

"மத்த நாள்ல இந்த ஏசி?"

"ஓடும். நிறுத்தினா திரும்பப் போட ஒப்புதல் வாங்கணும். அதுக்குத் தனிக் குழு, அதுல நாலு பேர், அவங்களுக்கும் ஏசி. எதுக்கு வம்புன்னு ஓடவிட்டிருக்கோம்."

"லைட்டு?"

"எரியும்."

"நீங்க?"

"நாங்களும் முழு நேரப் பணிதான் பாப்பா. முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும். கார், டிரைவர், உதவியாளர் எல்லாம் உண்டு. கூட்டம் இல்லன்னா நாங்க இல்லன்னு அர்த்தமா? எப்பக் கூப்பிடுவாங்களோன்னு தயாரா இருக்கணும். சும்மா இருக்கிறதுலதான் செலவே அதிகம். இது வெளியில யாருக்கும் புரியறதில்ல."

"அதேதான் சார்! அந்த கன்வர்ட்டரும் அதேதான் பண்ணுது!"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

தலைவர் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா" என்றார் மற்றவர்களிடம். "இத்தனை வருஷத்துல நம்ம உழைப்பை நம்ம மாற்றியோட சேத்து ஒருத்தரும் சொன்னதில்ல. ஒரு சின்னப் பொண்ணு சொல்லுது." கைதட்டல் எழுந்தது. கோப்பாளர் 'பாராட்டு' என்று எழுதினார்.

"சார், என் தம்பி..." என்றாள். "பட்டை செத்த பிறகு எனக்குத் தெரியவே மாட்டேங்குது சார். நான் நூல் கட்டிட்டுப் படுத்திருக்கேன். அவன் கையில ஒரு முனை, என் கால்ல ஒரு முனை."

"நூலா?" அம்மையார் நிமிர்ந்தார். "அது அங்கீகரிக்கப்பட்ட நூலா?"

"தையல் நூல் மேடம்."

தலைவர் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"நூல்" என்றார் தலைவர் மெதுவாக. "ஒரு முனை அங்க, ஒரு முனை இங்க. எழுதிக்கோங்க."

பட்டையைச் சோதனைக்கென்று பத்து நாள் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்து நாளும் தம்பிக்கு நூல் மட்டும்தான். பட்டை திரும்பி வந்தது முதல் தேதி. சீல்காரர் அதற்குள் புதுப் பேட்டரி போட்டார், பொட்டு வைத்தார், பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். மூன்று மீட்டர் ஒயர். ஒரு முனையில் பட்டையைக் கவ்விக்கொள்ளும் கிளிப், மறுமுனையில் சுவரில் செருகும் பிளக். கூடவே ஒரு கடிதம்.

கருவி பத்து நாளும் குழுவின் சுவரில் இணைக்கப்பட்டு இடைவிடாது சிறப்பாக இயங்கியது. ஆகவே மாற்றியில் குறை இல்லை. குறை மனுதாரரின் வீட்டில் உள்ளது. மனுதாரரே காட்டிய வழியில், கம்பியில்லாக் கருவி அனைத்துக்கும் கம்பி வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. கம்பியின் நிறம் வெள்ளை.

ஒயரைப் பார்த்துத் தம்பி வாயைப் பிளந்தான். "இதை மாட்டிட்டா தூங்கணும்? நான் என்ன டேபிள் ஃபேனா?"

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "இவங்க வீட்டுல புள்ளைங்களே இல்லையா?" என்றாள். பிறகு, பிரிக்கக் கூடாது, பறித்துவிடுவார்கள், அதுவும் இல்லாமல் போய்விடும் என்று கதவைச் சாத்தும்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

ஒன்பதாம் தேதி வழக்கம்போலப் பேட்டரி செத்தது. அதற்குப் பிறகு ஒயர். நூலையும் அவள் விடவில்லை. பதிமூன்றாம் தேதி விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கால் விரல் வெடுக்கென்று இழுபட்டது. பெட்டி ஒன்றும் பேசவில்லை. விளக்கைப் போட்டாள். தம்பியின் உடம்பு வில்லாக வளைந்து துள்ளிக்கொண்டிருந்தது. முதல் இழுப்பிலேயே பிளக் சுவரைவிட்டுப் பிய்ந்து வந்திருந்தது. வெள்ளை ஒயர் அவன் கையைச் சுற்றி, தோளைச் சுற்றி, கழுத்தைச் சுற்றியிருந்தது. அவன் துள்ளத் துள்ள அது இறுகியது.

அவள் எப்படி அவிழ்த்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. கிளிப்பைப் பல்லால் கடித்துப் பிடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. வலிப்பு அடங்கி அவன் கண் திறந்தபோது, "அக்கா, ஏன் வாயில ரத்தம்?" என்று கேட்டான். அவளுடைய வாயைத்தான் கேட்டான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் பட்டையைப் பைக்குள் வைத்துப் பட்டறைக்குப் போனாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கத்தி முனையால் சிவப்புப் பொட்டைப் பெயர்த்தாள். சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஆறு பேரும் இறங்கி ஓடிவருவார்கள் என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்து வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. சூடான முனையால் பழைய கன்வர்ட்டரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தாள். ஆறு கால், ஆறு சொட்டு ஈயம். கடையில் வாங்கிய பேட்டரியைப் போட்டு மூடி, மேலே தன்னுடைய சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தாள். அச்சு அசல் அப்படியே இருந்தது. வேலை மொத்தம் இருபது நிமிடம். அதற்கு முன்னால் ஏழு மாதம் ஆகியிருந்தது.

பத்து நாள் போயிற்று. பதினைந்து நாள் போயிற்று. தினமும் படுக்கும் முன் தம்பி கையை வேண்டுமென்றே உதறிக் காட்டுவான்; பெட்டி கத்தும்; கீழ்வீட்டுக்காரர் திட்டுவார். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும்.

முதல் தேதி வந்தது. போகாவிட்டால் சந்தேகம் வரும், போனால் மாட்டிக்கொள்வோம். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டுப் போனாள். அன்று வாசலிலும் படிக்கட்டிலும் மூன்றாம் மாடி நடையிலும் ஒரே கூட்டம். எல்லோர் கையிலும் வெள்ளை ஒயர், கூடவே ஒரு மனு. பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் மடியில் ஏழெட்டு வயதுச் சிறுமியை வைத்திருந்தாள். சிறுமியின் கழுத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

சீல்காரர் பட்டையைத் திருப்பினார். பொட்டை விரலால் தடவினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு கத்தியால் பெயர்த்துத் திறந்தார். உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குழுவில் ஆறு பேரும் சேர்ந்து பார்த்ததைவிட அதிக நேரம்.

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சாலிடர் சுத்தமா இருக்கு" என்றார் அவர், தனக்குள்ளே பேசுகிற மாதிரி. பேட்டரியை எடுத்துச் சோதனை மீட்டரில் வைத்தார். முள் பச்சையில் போய் நின்றது. "நான் பாக்க வேண்டியது பேட்டரியை மட்டும்தான் தங்கச்சி. மத்ததைப் பாக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல." பதிவேட்டில் பேட்டரி நிலை என்ற கட்டத்தில் 'நிறைவு' என்று எழுதினார். புதுப் பேட்டரி போட்டு, மூடி, பொட்டு வைத்தார்.

பதிவேட்டின் அந்தக் கட்டத்தில் இதுவரை 'காலி' என்பதைத் தவிர வேறு சொல் எழுதப்பட்டதே இல்லை. அரை மணி நேரத்தில் செய்தி மூன்றாம் மாடிக்குப் போய், குழு அவசரமாகக் கூடிவிட்டது. ஆண்டில் மூன்றாவது அமர்வு. அவசரத்தில் பேட்டரிச் சுற்றறிக்கையை யாரும் நினைக்கவில்லை.

இந்த முறை அவளுக்கு நாற்காலி போட்டார்கள். தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"நம்ம மாற்றி நல்ல மாற்றின்னு நாம சொன்னோம். யாரும் நம்பல. கம்பி கொடுத்தோம். கேலி பண்ணினாங்க. இன்னைக்கு? பேட்டரி நிறைவு! மாற்றியும் சரி, கம்பியும் சரி, இந்த வீடு மட்டும்தான் சரியில்லாம இருந்தது. இப்ப வீடும் திருந்திடுச்சு." கைதட்டல். "இதே மாற்றியில இன்னும் எட்டாயிரம் கருவி, எட்டாயிரம் கம்பி. வேற மாற்றி வேணும்னு வந்திருக்கிற மனு அத்தனையும் தள்ளுபடி. வெளியில நிக்கிறாங்களே, அவங்களுக்கு இந்தப் பொண்ணு வீட்டை உதாரணமாக் காட்டுங்க. பாப்பா, நீ ஒரு கையெழுத்துப் போடு."

கோப்பாளர் தாளை நீட்டினார். 'பழைய மாற்றியுடன் கருவி சிறப்பாக இயங்குகிறது' என்று இருந்தது.

போட்டுவிட்டால் போதும். பட்டையோடு வீட்டுக்குப் போய்விடலாம். தம்பி கையை உதறுவான், பெட்டி கத்தும், கீழ்வீட்டுக்காரர் திட்டுவார், தூங்கலாம். பேனாவைக்கூட வாங்கிவிட்டாள். கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது. இடுக்கில் பச்சை ஸ்வெட்டரின் ஒரு கை தெரிந்தது. அந்தக் கை சிறுமியின் கழுத்தை மெதுவாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"நான் பிரிச்சிட்டேன்" என்றாள்.

"என்னம்மா?"

"பட்டையோட சீலை நான் பிரிச்சிட்டேன். உள்ள இருக்கிறது உங்க கன்வர்ட்டர் இல்ல. நான் மாத்திட்டேன். அதனாலதான் பேட்டரி நிறைவா இருக்கு." கத்தவேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் குரல் கத்தலாகத்தான் வந்தது. "உங்க ஒயர் என் தம்பி கழுத்தைச் சுத்திடுச்சு. பட்டையைப் பறிச்சுக்கணும்னா பறிச்சுக்கோங்க. ஆனா மத்தவங்களுக்கு மாத்திக் குடுங்க."

பட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை.

ஆறு பேரும் பட்டையைப் பார்த்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அம்மையார் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். கோப்பாளர் எழுந்து போய் இன்னொரு காதில் சொன்னார். இரண்டு காதும் நிரம்பிய பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சீல் உடைஞ்சா கருவி எங்க பேருக்கு வந்துடும். அதுதான் விதி. சரியா?"

"சரி சார்."

"கருவி இப்ப யார் பேர்ல இருக்கு?"

"என் தம்பி பேர்ல."

"அப்ப சீல் உடையல." பட்டையைத் திருப்பிச் சிவப்புப் பொட்டைக் காட்டினார். "இதோ, முழுசா இருக்கு. இன்னைக்குத்தான் வெச்சிருக்காங்க. நீ மாத்தினேன்னு வெச்சுக்கிட்டா, நாங்க தேர்ந்தெடுத்தது தப்புன்னு ஆகும். நாங்க தப்பு பண்றதுக்கு இந்தக் குழுவுல வழியே கிடையாது. அதனால நீ மாத்தல. உனக்குப் படிப்பு அழுத்தம், தூக்கம் பத்தல." பட்டையை அவள் கையில் திணித்தார். "கையெழுத்துப் போடலன்னா பரவாயில்ல. போட்டதா எழுதிக்கிறோம்."

"சார், நான்—"

"நன்றி பாப்பா. தரிசனத்துக்கு நேரமாச்சு."

ஊழியர் நீல மெத்தையோடு உள்ளே வந்தார். மெத்தை இப்போதும் காலியாகத்தான் இருந்தது.

நடைக்கு வந்தாள். பட்டை கையில் இருந்தது. பறிக்கவில்லை என்பது நிம்மதி. அந்த நிம்மதி வந்ததற்கே தன்மேல் ஆத்திரமாக வந்தது. சுவரை ஓங்கிக் குத்தலாம் போல இருந்தது. கடைசிப் படிவரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பச்சை ஸ்வெட்டர் பின்னாலேயே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளைத் தோளில் போட்டிருந்தாள். மகளின் கையிலிருந்து பட்டையைக் கழற்றி இவள் மடியில் வைத்தாள்.

"நான் கதவுகிட்டதாம்மா நின்னுட்டிருந்தேன். எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம்" என்றாள். அப்புறம்தான் பயம் வந்தது. "ஆனா பறிச்சிடுவாங்கக்கா."

"எதைப் பறிப்பாங்க? அவங்கதான் உடையவே இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

ஒரு தாத்தா தன் பேரனுடையதை நீட்டினார். பைக்கில் வந்த ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தன்னுடைய மனைவியுடையதை வைத்தார். மடி நிறைந்துவிட்டது. மொத்தம் பதினொன்று. அவள் பையைத் துழாவி நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டு பொட்டுக்கு வரும், மூன்றாவதற்கு வராது.

சீல்காரர் மேசையைவிட்டு எழுந்து வந்தார். எல்லோரும் வெறும் கையைப் பின்னால் மறைத்தார்கள். நிறைந்த மடியை மறைக்க வழியில்லாதவள் அவள் ஒருத்திதான்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்து, தன்னுடைய அரக்குச் சாயப் புட்டியை அவள் பைக்குள் போட்டார்.

"நெயில் பாலிஷ் வாடை காட்டிக்குடுக்கும் தங்கச்சி. இதை வெச்சுக்க. காலியானா சொல்லு" என்றார். மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, இன்னொரு இழுப்பறையைத் திறந்து, பதினொரு புதுப் பேட்டரியை எண்ண ஆரம்பித்தார்.